நாலாம் நம்பர் ரயில் அவனுக்குக் கிடையாது

அன்புள்ள நித்யா,

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் புத்திமதி சொல்லிக் கடிதம் எழுதுவார்கள். நானும் நடுநடுவே சொல்லத்தான் போகிறேன். ஆனால் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் புத்திமதி அல்ல. எனக்குப் பொறாமை. நீ கட்டிக்கொள்ளப் போகிற அருண்மேல் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் மணமேடையில் வந்து சிரித்த முகத்தோடு உட்கார என்னால் முடியாது. அருணுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று அவன் அம்மாவிடமே பேச்சுவாக்கில் விசாரித்து உறுதி செய்துகொண்டேன். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு சென்னையை விட்டு வந்த உனக்கும் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். நிதானமாகப் படி. அவன் பக்கத்தில் இருந்தால் சத்தம் போட்டுப் படிக்காதே.

அவனிடம் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நானும் தேடிப் பார்த்துவிட்டேன். டெக்ஸாஸில் கேட்டி என்ற ஊரில் வளர்ந்த பையன், நல்ல படிப்பு, இங்கே வேலைக்கு வந்து ஒரு வருடத்தில் உன்னைப் பார்த்துவிட்டான். நம் வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைக்கிறான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறான். உன்னைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறான். இதெல்லாம் பார்த்துப் பார்த்து உன் அம்மா பூரித்துப் போகிறாள். எனக்கு ஒவ்வொன்றும் சுருக்கென்று தைக்கிறது. இத்தனை வருடம் இந்த வீட்டில் தட்டு கழுவிய என்னைப் பார்த்து யார் பூரித்தார்கள்? இருக்கட்டும். தட்டையும் செருப்பையும் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். என் சங்கடம் எல்லாம் ரயிலைப் பற்றியது.

தொண்ணூறாம் வருடக் கோடை உனக்கு நினைவிருக்கும். நாம் நியூஜெர்சியில் இந்தப் பார்சிப்பனிக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அலுவலகத்தில் யாரோ போக முடியாமல் போன மேட்சுக்கு இரண்டு டிக்கெட் என் மேஜைக்கு வந்தது. எனக்கு பேஸ்பால் என்றால் என்னவென்று தெரியாது. கிரிக்கெட்டைத் திருடி முக்கோணமாக மடித்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். நீதான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலை ஒரு பேஸாகவும் நெய்க் கிண்ணத்தை இன்னொரு பேஸாகவும் வைத்து எனக்குப் பாடம் எடுத்தாய். ஆட்டம் புரிந்துவிட்டது. அங்கே போவது எப்படி என்பதுதான் பிரச்சினை. ஸ்டேடியம் இருக்கிற நியூயார்க் பிராங்க்ஸுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போக எனக்குத் தைரியம் இல்லை. வழியில் இருக்கிற பெரிய பாலத்தை நினைத்தாலே கார் சாவியைக் கீழே வைத்துவிடுவேன். அந்த ஊர்ப் பாதாள ரயிலான சப்வேயில் அதுவரை ஏறியதே இல்லை.

நம் ஆட்கள் மேப் பார்க்க மாட்டார்கள், தெரிந்தவரைத்தான் கேட்பார்கள். நானும் ராமநாதன் அங்கிளுக்கு போன் போட்டேன். நம் வட்டாரத்தில் தினமும் மன்ஹாட்டனுக்கு ரயிலில் வேலைக்குப் போய் வந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் நியூயார்க் விஷயத்தில் அவர் சொன்னது எல்லாருக்கும் வேதவாக்கு. "ஒண்ணும் கவலப்படாத. காரை ஜெர்சி சிட்டியில நம்ம மளிகைக் கடை பக்கத்துத் தெருவுல போட்டுடு. ஆத்துக்கு அடியில போற ட்ரெயின் பிடி, முப்பத்திமூணாம் தெருவுல இறங்கு. அங்கேருந்து டைம்ஸ் ஸ்கொயர். அங்கேருந்து ஷட்டில் ட்ரெயின்ல கிராண்ட் சென்ட்ரல். அங்க நாலாம் நம்பர் ஏறு. வேற எதுலயும் ஏறிடாத" என்றார். அவர் சொன்னபடியே போனோம், சொன்னபடியே திரும்பி வந்தோம். பிறகு அந்த வழியிலிருந்து ஒரு படிக்கட்டைக்கூட நான் மாற்றவில்லை.

காரை மளிகைக் கடைப் பக்கம் நிறுத்தப் போகிறோம் என்று தெரிந்த உடனே உன் அம்மா விடுவாளா? போகிற வழியில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம். சாயங்காலம் திரும்பி வந்து வாங்கலாம் என்றால், நல்ல காயெல்லாம் மத்தியானத்துக்குள் போய்விடும். வாங்கிக் காரில் வைக்கலாம் என்றால் கறிவேப்பிலை வெயிலில் கருகிவிடும். ஆகவே நீயும் நானும் முருங்கைக்காய்க் கட்டோடு சப்வே ஏறினோம். ஷட்டிலில் எதிரே இருந்த தொப்பிக்காரர் உன்னைப் பார்த்து, "இதை வைத்துத்தான் இன்றைக்கு பேட் பண்ணப் போகிறார்களா?" என்று கேட்டார். ஸ்டேடியம் வாசலில் பையைச் சோதித்தவர் ஒரு காயை எடுத்து வளைத்துப் பார்த்து, இது என்ன என்றார். நான் வெஜிடபிள் என்றேன். அவர் நம்பவில்லை. நீதான் முன்னால் வந்து, "யூ ச்யூ இட் அண்ட் ஸ்பிட் இட்" என்று விளக்கினாய். சூரியகாந்தி விதையை மென்று துப்பும் ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பழகியவர் அல்லவா, தலையாட்டி உள்ளே விட்டார். உனக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அடுத்த தடவை பையை நான்தான் தூக்க வேண்டும், நீ இரண்டடி தள்ளி நிற்பாய் என்று ஒப்பந்தம் போட்டாய்.

ஆனால் நாலாம் நம்பரில் ஏறிய பிறகு தள்ளி நிற்க மாட்டாய். முதல் பெட்டிக்குப் போய் முன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்பாய், பின்னாலேயே நான். வழியெல்லாம் இருட்டு, நடுநடுவே ஒரு விளக்கு. நாம் இறங்கும் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரயில் மேலே ஏறும், தூரத்தில் சின்னதாக வெளிச்சம் தெரியும். நீ என் கையைப் பிடித்து, "அப்பா, ரெடி?" என்பாய். நான் ரெடி என்பேன். சட்டென்று வெளியே வந்துவிடுவோம். வெயில், ஆகாயம், பக்கத்திலேயே ஸ்டேடியம். ஒரு இடைவெளி வழியாக உள்ளே இருக்கும் பச்சைப் புல் ஒரு கணம் தெரியும். முதல் தடவை அதைப் பார்த்து நீ கத்திய கத்தலில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. எனக்கும் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. முருங்கைக்காய்க் கட்டை வைத்துக்கொண்டு கத்தினால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன்.

அப்போது நம் டீம் தோற்றுக்கொண்டே இருந்த காலம். நாற்காலி வரிசை வரிசையாகக் காலியாகக் கிடக்கும். ஒரு நாள் மழை வந்து ஆட்டம் நின்று, மறுபடி தொடங்கி, நம்மவர்கள் மோசமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றி இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கிளம்பலாம்மா, அம்மா காத்துக்கொண்டிருப்பாள் என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ நனைந்த தொப்பியோடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "நோ, அப்பா. யூ டோன்ட் லீவ்" என்றாய். கடைசிவரை உட்கார்ந்திருந்தோம். தோற்றோம். புத்திமதி என்று ஒன்று வேண்டுமானால் இதுதான், அதுவும் நீ எனக்குச் சொன்னது. கல்யாணத்திலும் மழை பெய்யும், ஆட்டம் நிற்கும். எழுந்து போய்விடாதே. ஆனால் அவனோ அவன் வீட்டாரோ உன்னை ஒரு வார்த்தை தரக்குறைவாகப் பேசினால் முதல் இன்னிங்ஸிலேயே எழுந்து வந்துவிடு. நான் வாசலில் காரோடு நிற்பேன். பாலமாவது ஒன்றாவது, ஓட்டிக்கொண்டு வருவேன்.

நீ ஹைஸ்கூல் போன பிறகு எல்லாம் மாறிவிட்டது. உன் அறையில் நான் மாட்டியிருந்த சரஸ்வதி படத்தைக் கழற்றிப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டு, அதே ஆணியில் ஓர் ஆட்டக்காரன் படத்தை மாட்டினாய். அவன்மேலும் எனக்குப் பொறாமைதான். அவன் பந்தைத் தவறவிட்ட நாளில் எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்திருக்கிறது, டீமே தோற்றாலும். பிறகு நீ சிநேகிதிகளோடு மேட்சுக்குப் போக ஆரம்பித்தாய், என்னோடு வருவது வருடத்துக்கு ஒரு தடவை என்று ஆகிவிட்டது. மற்ற நாட்களில் நான் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து, கேமரா கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் உன் தொப்பியைத் தேடுவேன். உன் அம்மா, "அவ பந்தைப் பாக்கப் போயிருக்கா, நீங்க அவளைப் பாக்கறீங்க" என்பாள். நீ வந்ததும் யார் ஜெயித்தார்கள் என்று கேட்க மாட்டேன், அது தெரியுமே. "நம்ம வழியிலதானே போனீங்க?" என்று கேட்பேன். நீ "உம்" என்பாய். அந்த ஒரு "உம்" எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்குள் நம் டீமுக்கு யோகம் அடித்துவிட்டது. வருடா வருடம் கோப்பை, ஊர்வலம், டிக்கெட்டே கிடைக்காத கூட்டம். அந்தச் சமயத்தில்தான் அருண் டெக்ஸாஸிலிருந்து வந்து இறங்கினான். நான் சொல்வதில் நியாயம் இல்லை என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். தோற்ற காலத்துக்கு நான், ஜெயிக்கிற காலத்துக்கு அவனா? மழையில் நனைந்தவன் ஒருவன், வெயிலில் வந்து உட்காருகிறவன் இன்னொருவனா? இதை நினைத்துக்கொண்டு புரண்டு புரண்டு படுத்தேன். உன் அம்மா, அஜீரணமாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். அது ஓமத் தண்ணீருக்கு அடங்குகிற சமாசாரம் இல்லை.

போன மாதம் நீ என்னையும் மேட்சுக்குக் கூப்பிட்டாய். மூன்று டிக்கெட், நீ, நான், அவன். போனை வைத்த பிறகு என் நடையே மாறிவிட்டது என்று உன் அம்மா கேலி செய்தாள். இந்தப் பையன் வாழ்நாள் முழுக்க காரில் போனவன், சப்வேயைப் பற்றி ஒன்றும் தெரியாது, வழிகாட்டி நான்தான் என்று ஒரு நினைப்பு. எந்தப் படிக்கட்டில் இறங்குவது, எந்தப் பெட்டியில் ஏறுவது, எந்த இடத்தில் அவனை முன் கண்ணாடிப் பக்கம் நிறுத்துவது என்றெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். அவனுக்கு அதைக் காட்டுவதில் எனக்குப் பெரிய விருப்பம் இல்லை. ஆனால் காட்டுகிறவன் நானாக இருந்தால் அதுவும் ஒரு கௌரவம்தானே.

முப்பத்திமூணாம் தெருவில் இறங்கி, டைம்ஸ் ஸ்கொயர் போகும் ரயில் பக்கம் நான் திரும்பினேன். நாலு எட்டு வைத்த பிறகுதான் பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்தது. நீயும் அவனும் வேறு படிக்கட்டின் முனையில் நின்றிருந்தீர்கள். "அப்பா, இந்தப் பக்கம். டி ட்ரெயின். இட்ஸ் டைரக்ட்" என்றாய். டைரக்டா என்றேன். "ஆமாப்பா. மாறவே வேண்டாம்." நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அப்படியானால் ராமநாதன் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டாய். "அவரோட ஆபீஸ் கிராண்ட் சென்ட்ரல்லதானே இருந்தது! அவருக்கு எங்க போனாலும் அங்கேருந்துதான் வழி தெரியும்." அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன், அசடு வழிய. இத்தனை வருடமும் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருக்கிறேன். ஒரு பேஸ்பால் மேட்ச் பார்க்க, உன்னைக் கூட்டிக்கொண்டு, ராமநாதன் ஆபீஸுக்குப் போய்விட்டுத்தான் போயிருக்கிறேன்.

உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். ஒன்பதாம் வகுப்பில் சுவரில் மாட்டியிருந்த மேப்பைப் பார்த்தபோதே தெரியும் என்றாய். அப்படியானால் அந்த "உம்" எல்லாம்? கேட்கவில்லை, ரயில் வந்துவிட்டது. இங்கே இன்னொரு புத்திமதி. நாளைக்கு அருண் தப்பான வழியில் வண்டியைத் திருப்புவான், எல்லா ஆண்களும் திருப்புவார்கள். தனியாக இருக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. மூன்றாம் மனிதர் முன்னால் சொல்லாதே. அன்றைக்கு வழி தப்பு என்று நீ சொன்னது எனக்கு வலிக்கவில்லை. அதை அவன் கேட்டுக்கொண்டு நின்றதுதான் வலித்தது.

டி ரயிலில் ஒரு இடம்தான் காலியாக இருந்தது. "அப்பா, நீங்க உக்காருங்க" என்றாய். உட்கார்ந்தேன். நீங்கள் இருவரும் எதிரே நின்றீர்கள். கம்பியில் உன் கை, அதற்கு மேல் அவன் கை. எனக்கு அறுபதுகூட ஆகவில்லை, நித்யா. நிற்க முடியும். அந்த ரயில் கடைசிவரை பூமிக்கு அடியிலேயே போனது. வெளிச்சம் இல்லை, புல் இல்லை, "ரெடி?" என்று யாரும் கேட்கவில்லை. கதவு திறந்தது, படியேறினோம், ஸ்டேடியம் வந்துவிட்டது. நம் டீம் ஜெயித்தது. நீ துள்ளிக் குதித்து அவன் தோளில் அடித்தாய். திரும்பும்போது, "அப்பா, நாலாம் நம்பர்ல போலாமா, நாம ரெண்டு பேரும்?" என்று என் காதில் கேட்டாய். எதற்கு, டைரக்டிலேயே போகலாம் என்று சொல்லிவிட்டேன். ரோஷம். சொன்ன நிமிஷத்திலிருந்து இன்றுவரை என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது முந்தாநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். அருண் எனக்கு போன் செய்தான். முகூர்த்தப் புடவை விஷயமாக இருக்கும் என்று அம்மாவைக் கூப்பிடப் போனேன். "இல்ல அங்கிள், உங்ககிட்டதான்" என்றான். தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஸ்டேடியத்துக்கு இன்னொரு வழி இருக்காமே அங்கிள். ட்ரெயின் வெளிய வரும்போது கிரவுண்டே தெரியும்னு நித்யா சொன்னா. கூட்டிட்டுப் போன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன். வரவே மாட்டேங்கறா. அது அப்பா ட்ரெயின், அதுல வேற யாரையும் கூட்டிட்டுப் போக மாட்டேன்னு சொல்றா. ஃப்ரெண்ட்ஸைக்கூட கூட்டிட்டுப் போனதில்லையாம். நீங்க ஒரு தடவை என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா அங்கிள், ப்ளீஸ்?"

நான் போனைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டேன். நீ அதைச் சொல்லவே இல்லையே, கள்ளி. வேறு யாரோடு போனாலும் டைரக்ட் ரயில், என்னோடு மட்டும் சுற்று வழி. தெரிந்தே, வருடக்கணக்காக, ஒன்றும் தெரியாதவள் போல என்னோடு ராமநாதன் ஆபீஸ் வழியாக வந்திருக்கிறாய். ஒரு நல்ல மாமனார் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார்? வாப்பா, அடுத்த சனிக்கிழமையே போகலாம் என்று சொல்லியிருப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடடா, அந்த லைன்ல ரிப்பேர் நடக்குதுப்பா. வீக்கெண்ட்ல ஓடறதே இல்ல. எப்ப முடியும்னு தெரியல" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். "ஓ, ஓகே அங்கிள். முடிஞ்சதும் சொல்லுங்க" என்று பாவம் போனை வைத்துவிட்டான்.

உன் அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியோடு வந்து நின்றாள். "உங்களுக்கு வெக்கமா இல்ல? பொண்ணையே தாரை வார்த்துக் குடுக்கப் போறீங்க, ஒரு ரயிலைக் குடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்து முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மேடையில் உன் கையை என் கையில் வைத்து, அம்மா தண்ணீர் ஊற்றும்போது, உன்னை அவனுக்குத் தாரை வார்த்துக் கொடுக்கிறேன். முழு மனதோடு கொடுக்கிறேன். உன் பண்டிகை, உன் சமையல், உன் கோபம், நம் டீம் ஜெயிக்கிற எல்லா மேட்சும் அவனுக்கு. டி ரயிலும் அவனுக்கே. நாலாம் நம்பரை மட்டும் நான் கொடுக்கவில்லை. கல்யாணம் முடிந்து நீங்கள் ஊர் சுற்றி வந்த பிறகு, ஒரு சனிக்கிழமை பகல் மேட்சாகப் பார்த்து டிக்கெட் எடு. இரண்டு போதும். எங்கே போகிறாய் என்று அவன் கேட்டால், அப்பாவோடு ஒரு வேலை என்று சொல். எந்த ரயிலில் என்று கேட்டால், ரிப்பேர் இன்னும் முடியவில்லை என்று சொல். நான் சொன்னதாகவே சொல், நம்புவான். நல்ல பையன்.

உன்
அப்பா